பொருள்: அசீரியச் சுவர் ஓவியத்துக்கு ஒரு சொல்

அன்பின் குழுமத்தாருக்கு,

கலை வரலாற்றுப் பாடநூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். அசீரிய அத்தியாயத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். கல்லில் செதுக்கியவை புடைப்புச் சிற்பம், சரி. மண்சுவரில் களிமண் பூசி, மேலே மெல்லிசாகச் சுண்ணாம்பு அடித்து, காய்ந்த பிறகு கறுப்புக் கோடிட்டுச் சிவப்பும் நீலமும் தீட்டினார்களே, அதற்குத்தான் சொல் இல்லை. 'சுவரோவியம்' எல்லாவற்றுக்கும் பொது. 'பூச்சோவியம்' ஆகுமா?

---

> பூச்சோவியம்

புணர்ச்சி சரி, குற்றியலுகரம் முறையாகத்தான் கெட்டிருக்கிறது. ஆனால் வகுப்பில் பிள்ளைகள் 'பூச்சி ஓவியம்' என்றே படிப்பார்கள். தினமும் கேட்கிறவள் சொல்கிறேன். 'சுதையோவியம்' என்று வையுங்கள். நெடுநல்வாடையில் 'வெள்ளி அன்ன விளங்குஞ் சுதை உரீஇ', அதாவது வெள்ளிபோல் விளங்கும் சுண்ணச்சாந்தைப் பூசி, என்று வருகிறது. அடுத்து வருவது செம்பால் செய்தாற்போன்ற நெடுஞ்சுவர், அதில் பல பூக்களோடு வளைந்த ஒரு கொடி. சுதை, சுவர், சித்திரம் மூன்றும் அங்கேயே இருக்கின்றன.

---

அம்மா, சுதை வடமொழிச் 'சுதா'. நமக்குக் காரை இருக்கிறது. 'காரை பேந்துபோச்சு' என்று கொத்தனார் இன்றும் சொல்கிறார். கரைத்துப் பூசுவதால் கரை நீண்டு காரை ஆனது என்பது என் துணிபு. சுடு, சூடு ஆனதைப் பாருங்கள். கழுத்தணியான காறைக்கு வல்லின றகரம், இரண்டையும் குழப்ப வேண்டாம். காரையோவியம்!

---

ஐயா, சூடு தொழிற்பெயர். காரை பூசப்படும் பொருள். அந்த வேர் நிற்காது. சொல் நிற்கும். சுதை என்றால் கோபுரத்துப் பொம்மைகள்தான் கண்ணில் வரும். அசீரியச் சுவரில் எதுவும் புடைத்து நிற்கவில்லை.

சிரியாவில் உள்ள பழைய அசீரிய நகரமான தில் பார்சிப்பில் 1929 முதல் 1931 வரை பிரெஞ்சுக்காரர்கள் தோண்டியபோது லூசியன் காவ்ரோ அந்த ஓவியங்களை நகலெடுத்தார். காய்ந்த பூச்சில் வண்ணம் ஊறாது, மேலாக ஒட்டியிருந்து உதிரும். பெரும்பகுதியை இன்று அந்த நகல்களில்தான் பார்க்கிறோம். ஆகவே 'உலர்காரை ஓவியம்'.

---

அடியில் முழுக்க மண், மேலே நகக்கனம் சுண்ணாம்பு. அதைக் காரை என்பதே தாராளம்.

---

அனைவருக்கும் நன்றி. இருவர் காரைப் பக்கம். 'காரையோவியம்' என்று போட்டு, முதலில் வரும் இடத்தில் 'உலர்ந்த பூச்சின் மேல் தீட்டியது' என்று விளக்குகிறேன். நாளை அனுப்பியாக வேண்டும்.

---

அனுப்புங்கள். என் வகுப்பில் அது சுதையோவியம்தான்.