ஆழ்கடலைத் துளைக்கும் ஆய்வுக் கப்பலில் இரண்டு மாதம்: மகளை அனுப்பலாமா?

மன்னார்குடி வாத்தியார் கேட்டது:

வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகள் நிலவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். கடலடியைத் துளைத்து மண் எடுக்கும் பன்னாட்டு ஆய்வுப் பயணம் ஒன்றிற்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்கிறாள். இரண்டு மாதம் கரையையே பார்க்க முடியாதாம்.

எங்கள் பக்கத்தில் துளை போடுகிறார்கள் என்றாலே ஊர் கூடிவிடும். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கச் சட்டம் வந்த பிறகும் அந்த அச்சம் விடவில்லை. முன்பொரு முறை எண்ணெய்க் குழாய் கசிந்து என் தம்பியின் தாளடி நெற்பயிர் முழுவதும் பாழானது. அதே வேலையை இவள் கடலில் போய்ச் செய்வதா என்று என் மனைவி கேட்கிறாள். அங்கே உண்மையில் என்னதான் செய்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்பதைப் போய்வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

குடந்தை வண்டல் எழுதியது:

ஐயா, படிவுகளை ஆராய்பவனாக ஒரு முறை போய்வந்தவன் நான். உங்கள் ஊரில் ஃபில்டர் பாயிண்ட் என்ற ஆழம் குறைந்த குழாய்க்கிணறு இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். போர் போடுகிறவர் பத்தடிக்கு ஒரு கூடை மண்ணை எடுத்து, களி, குறுமணல், பருமணல் என்று வரப்போரம் வரிசையாகக் குவித்து வைப்பார். கப்பலில் நடப்பதும் அதுதான். ஆனால் அங்கே தண்ணீருக்காகவோ எண்ணெய்க்காகவோ துளைப்பதில்லை, அந்த மண் வரிசைக்காகவே துளைக்கிறார்கள்.

நான் போனது ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற கப்பலில். 1978இல் எண்ணெய்த் துளைக்காகக் கட்டி, 1985 முதல் ஆய்வுக்கு ஓடிய அந்தக் கப்பலின் நீளம் 143 மீட்டர். நடுவில் ஒரு கோபுரம். அதன் வழியே குழாயோடு குழாயை முறுக்கி, சில கிலோமீட்டர் ஆழத்துக்குத் தொங்கவிடுவார்கள். துளைக்கும்போது நங்கூரம் போடுவதில்லை, அடியிலுள்ள உந்திகள் ஓயாமல் சுழன்று, காற்றும் நீரோட்டமும் எவ்வளவு தள்ளினாலும் கப்பலைத் துளைக்கு நேர் மேலே நிறுத்துகின்றன.

வேலை பன்னிரண்டு மணி நேரம். நண்பகல் முதல் நள்ளிரவு வரை ஓர் அணி, நள்ளிரவு முதல் நண்பகல் வரை மற்றோர் அணி; ஞாயிறும் கிடையாது, பொங்கலும் கிடையாது. துளையிலிருந்து குழாயோடு வரும் மண்ணுக்குக் கோர் என்று பெயர். அது மேல்தளத்துக்கு வந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் 'கோர் ஆன் டெக்' என்ற குரல் வந்தவுடன் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு தொழில்நுட்பர்கள் வெளியே ஓடுவார்கள். ஒன்பதரை மீட்டர் நீள பிளாஸ்டிக் குழாய், உள்ளே மண் நிரம்பி, நடுவில் தொய்ந்தபடி வரும். மூங்கிலைத் தோளில் தூக்கி வருவது போல ஆறேழு பேர் வரிசையாக ஏந்தி வந்து மேடையில் கிடத்துவார்கள். ஒன்றரை மீட்டருக்கு ஒரு துண்டாக நறுக்குவார்கள்: ஆறு முழுத்துண்டும் ஒரு குறைத்துண்டும் தேறும். மேல்முனைக்கு நீல மூடி, கீழ்முனைக்கு நிறமற்ற மூடி. கப்பலின் மற்ற எல்லா ஒழுங்கும் இந்த இரண்டு மூடிகளுக்குப் பிறகுதான் என்று எனக்குத் தோன்றும்.

அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகு துண்டுகளை நெடுக்காகப் பிளப்பார்கள். ஒரு பாதியில் யாரும் கை வைப்பதில்லை, அது காப்புக்கு. மறுபாதியிலிருந்துதான் மாதிரி எடுப்பது. இந்தியப் பெருங்கடலில் எடுப்பவை ஜப்பானிலுள்ள கோச்சிக் காப்பகத்துக்குப் போகின்றன. நம் மலையாளத்துக் கொச்சி அல்ல.

தம்பியின் வயலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இங்கே எண்ணெயோ வாயுவோ அகப்படக்கூடிய இடங்களை விலக்கித்தான் துளைக்கும் இடத்தையே தேர்கிறார்கள். அதற்கு மேலும், வரும் ஒவ்வொரு கோரிலிருந்தும் சிறு துளி மண்ணை எடுத்து மீத்தேனும் ஈத்தேனும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று அளப்பார்கள். ஐயம் வந்தால் துளையை நிறுத்திவிடுவார்கள்.

நாகை ரிக்காரர் எழுதியது:

மேற்குக் கடற்கரையில் எண்ணெய் மேடையில் வேலை பார்க்கிறேன். எங்களுக்குப் பதினான்கு நாள் வேலை, பதினான்கு நாள் வீடு. அதற்குள்ளேயே மனிதன் கடுகடுவென்று ஆகிவிடுகிறான். இவர்கள் இரண்டு மாதம் இடைவெளியில்லாமல் இருக்கிறார்கள் என்பதை வாத்தியார் கவனிக்க வேண்டும். இரைச்சலையும் அதிர்வையும் பற்றிக் குடந்தைக்காரர் ஒரு வரிகூட எழுதவில்லை. தூங்கும்போதும் படுக்கை நடுங்கும்.

சீர்காழி நுண்ணுயிர் எழுதியது:

படுக்கை நடுங்குவது உண்மைதான். நான்கு நாளில் பழகிவிடும், பிறகு கரையில்தான் தூக்கம் வராது. வாத்தியார் ஐயா, உங்கள் துணைவியாருக்காக இதை எழுதுகிறேன். அறையில் இரண்டு பெண்களுக்கு இடம் தருவார்கள், எதிரெதிர் ஷிப்டில். நான் உறங்கும்போது அவர் வேலையில் இருப்பார் என்பதால் இரண்டு மாதத்தில் நாங்கள் கதவருகே பேசிக்கொண்டதுதான் அதிகம். ஆறு மணி நேரத்துக்கொரு முறை உணவு; நள்ளிரவில் வேலைக்குப் போகிறவருக்கு அதுவே காலைச் சாப்பாடு. மது அறவே கிடையாது. மருத்துவர் உண்டு. சோறு தினமும் இருக்கும், ரசம் இருக்காது. பருப்புப்பொடியும் ஊறுகாயும் கொடுத்தனுப்புங்கள்.

என் வேலை, கோரின் அடிமுனையில் ஒட்டி வரும் மண்ணைச் சல்லடையில் அலசி, ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகளை நுண்நோக்கியில் பார்த்து வயது சொல்வது. மணலளவு இருக்கும் அந்த ஓடுகளில் சில, பொரி உருண்டை போலவே இருக்கும். துளை எந்தக் காலத்தை எட்டியிருக்கிறது என்று கேட்டு எல்லோரும் என் பின்னாலேயே நிற்பார்கள்.

ஒரு செய்தி: ஜாய்டெஸ் ரெசல்யூஷன் 2024ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஜப்பானின் 210 மீட்டர் நீளச் சிக்யூ போன்ற வேறு கப்பல்களும் இருக்கின்றன. உங்கள் மகள் எதில் போகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள், வாழ்க்கைமுறை கொஞ்சம் மாறும்.

மன்னார்குடி வாத்தியார் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. படித்துக் காட்டினேன், பருப்புப்பொடி என்ற இடத்தில் என் மனைவியின் முகம் தெளிந்தது. ஓர் ஐயம். எங்கள் வீட்டு ஃபில்டர் பாயிண்டின்போது கன்றுக்குட்டி ஓடி மண்குவியல்களைக் கலைத்துவிட்டது. போர்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கப்பலில் மேல்மூடியும் கீழ்மூடியும் மாறிப்போனால் என்ன செய்வார்கள்?

சீர்காழி நுண்ணுயிர் எழுதியது:

மாறியதுண்டு ஐயா. காந்தப்புலம் அளப்பவர்தான் பெரும்பாலும் கண்டுபிடிப்பார். மண் படியும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அக்காலத்துப் புவிக்காந்தத்தின் திசையைப் பற்றிக்கொள்கின்றன. அந்தக் காந்தம் கடைசியாகத் தலைகீழானது ஏறத்தாழ 7,73,000 ஆண்டுகளுக்கு முன்பு. அதற்குப் பிந்தைய வண்டலில் ஒரேயொரு துண்டு மட்டும் எதிர்த்திசை காட்டினால், அவர் முதலில் பூமியைச் சந்தேகிக்க மாட்டார். எழுந்து போய் மூடியின் நிறத்தைப் பார்ப்பார்.