திரௌபதி சத்தியபாமாவுக்குச் சொன்ன உபதேசத்தில் பாதியைக் காணோமே?

கணக்குப்பிள்ளை எழுதியது:

போன வைகாசியில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்து பந்தி போடுவதற்குள் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். “திரௌபதி சத்தியபாமாவுக்குச் சொன்னதைச் சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கோ அம்மா” என்று ஆரம்பித்தவர், வரிசையாக அடுக்கினார். புருஷன் தூங்கியபின் தூங்கு, அவன் எழும் முன் எழு, அவன் சாப்பிடாமல் நீ சாப்பிடாதே, வாசலில் அடிக்கடி போய் நிற்காதே, அதிகம் சிரிக்காதே, மாமியாரை மறுத்துப் பேசாதே. பெண் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். அடக்கம் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தும் மனசு ஒப்பவில்லை. “முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா? கேட்டுக்கொண்டு வா” என்று தேரோட்டியைச் சபைக்கே திருப்பி அனுப்பியவள் அல்லவா அவள்? தாத்தா வைத்துவிட்டுப்போன மகாபாரதத்தில், இந்தப் பேச்சு வரும் வன பருவத்தைத் தூசி தட்டி எடுத்தேன். பெரியவர் பொய் சொல்லவில்லை, அவர் சொன்னதெல்லாம் இருக்கிறது. ஆனால் அதே பேச்சில் கொஞ்சம் தள்ளி இன்னொன்றும் இருக்கிறது: பாண்டவர்களின் வரவு, செலவு முழுவதும் நான் ஒருத்தியே அறிவேன், கடல் மாதிரி நிறைந்த பொக்கிஷத்தையும் நான் ஒருத்தியே அறிவேன்.

இருபது வருஷமாக ஆடிட்டர் ஆபீசில் குப்பை கொட்டுகிறவள் நான். அந்த வரியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். மேடையில் இதை ஏன் யாரும் சொல்வதில்லை? இது யாராவது பின்னால் சேர்த்ததா? அப்புறம், இந்த இரண்டு திரௌபதிகளையும் நீங்கள் எப்படிச் சேர்த்துப் பார்க்கிறீர்கள்?

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

பிற்சேர்க்கை என்று தள்ளிவிட முடியாது. பல சுவடிகளை ஒப்பிட்டு 1966-இல் நிறைவடைந்த புனே பண்டார்கர் நிறுவனத்தின் ஆய்வுப் பதிப்பிலும் அந்த வரிகள் மூலத்திலேயே இருக்கின்றன.

உரையாடல் தொடங்கும் விதத்தைக் கவனியுங்கள். காட்டுக்குப் பார்க்க வந்த சத்தியபாமா கேட்பது கடமையைப் பற்றி அல்ல. ஐந்து பேரையும் எப்படிக் கைக்குள் வைத்திருக்கிறாய், விரதமா, மந்திரமா, மூலிகையா என்றுதான் கேட்கிறாள். திரௌபதிக்குக் கோபம் வருகிறது. மனைவி மருந்து வைக்கிறாள் என்று தெரிந்தால், வீட்டுக்குள் பாம்பு புகுந்ததுபோலப் புருஷன் பயப்படுவான் என்கிறாள். மருந்து வைத்துப் புருஷனுக்கு மகோதரமும் (வயிறு வீங்கும் நோய்) வெண்குஷ்டமும் வரவழைத்த பெண்களையும் சொல்கிறாள். அதற்குப் பிறகுதான் உங்கள் பெரியவர் சொன்ன பட்டியல். அந்தப் பட்டியல் போய் முடிகிற இடம் நிர்வாகம்: அந்தப்புரத்து ஆட்களிலிருந்து ஆடு மாடு மேய்ப்பவர்கள் வரை யார் எந்த வேலையை முடித்தார்கள், எதை முடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். குடும்பப் பாரத்தை என்மேல் போட்டுவிட்டு அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள் என்று அவளே சொல்கிறாள்.

இரண்டு திரௌபதி என்று எனக்குத் தோன்றவில்லை. அதே வன பருவத்தில், யுதிஷ்டிரரின் பொறுமையைப் பிடித்து உலுக்குகிறாள். பொம்மலாட்டக்காரன் மரப்பொம்மையை ஆட்டுவதுபோல ஈசன் நம்மை ஆட்டுகிறான் என்கிறாள். அவர் “நாத்திகம் பேசுகிறாய்” என்கிறார். அவளுக்கு இந்த வாதமெல்லாம் எங்கிருந்து வந்தது? அதையும் சொல்லிவிடுகிறாள். தகப்பனார் வீட்டில் ஒரு பிராமணர் அண்ணன் தம்பிகளுக்குப் பிருகஸ்பதி நீதி நடத்தினாராம். ஏதோ வேலையாக உள்ளே வந்தவள், அப்பா மடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டாளாம். பாடம் அவளுக்காக நடக்கவில்லை. இருந்தும் அவளுக்குத்தான் ஒட்டிக்கொண்டது.

---

குறைகுடம் எழுதியது:

ரொம்பப் பூரித்துப் போக வேண்டாம் என்பது என் கருத்து. அதே பேச்சில் “கணவனே தெய்வம், அவனே கதி” என்பதும் அவள் வாயால்தான் வருகிறது. பெரியவர் பாதியை விட்டார் என்று சொல்லிவிட்டு நாம் மறு பாதியை விட்டுவிடக் கூடாது.

இன்னொன்று. நிர்வாகம் நிர்வாகம் என்கிறீர்களே, யாரை நிர்வகித்தாள்? லட்சம் தாசிகள் இருந்தார்கள். ஒவ்வொருத்தியின் பெயர், முகம், சாப்பாடு, துணி எல்லாம் எனக்குத் தெரியும் என்கிறாள். (தாசி என்றால் இங்கே அடிமைப்பெண்.) சங்கு வளையும் தோள்வளையும் போட்டவர்கள், கழுத்தில் பொற்காசு அணிந்தவர்கள் என்று ஒரு வருணனை வரும். இப்போது சபா பருவத்துக்குப் போங்கள். சூதாட்டத்தில் யுதிஷ்டிரர் வைத்த பணயங்களில் லட்சம் தாசிகளும் உண்டு. அங்கேயும் அதே வருணனை, வார்த்தைக்கு வார்த்தை அதே வரி! உருட்டினார்கள், சகுனி “ஜெயித்தேன்” என்றான், அடுத்த பணயத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருத்திகூடத் தேரோட்டியிடம் கேள்வி சொல்லி அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அவன் போயிருப்பானா?

திரௌபதியின் கேள்விக்காவது பீஷ்மர் எச்சில் விழுங்கினார். தன்னையே இழந்தவன் பிறர் பொருளைப் பணயம் வைக்க முடியாது, ஆனால் மனைவி கணவனுக்கு வசப்பட்டவள், தர்மம் நுட்பமானது, என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை என்று இழுத்தார். கௌரவர்களிலேயே விகர்ணன் ஒருவன் எழுந்து, அவள் ஜெயிக்கப்படவில்லை என்றான். ஐந்து கணவர் உள்ளவளுக்கு என்ன மரியாதை என்று கர்ணன் அவன் வாயை அடைத்தான். இந்த வாதம் எல்லாமே ராஜகுமாரிக்கு மட்டும்.

---

செய்யாற்றுக்காரன் எழுதியது:

நான் படித்தவன் இல்லை, பாரதம் எல்லாம் கூத்தில் பார்த்ததுதான். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் துகில் கூத்து நடக்கும் ராத்திரி, பாஞ்சாலி வேடம் கட்டிய ஆம்பளைக்குக் கற்பூரம் காட்டிக் கும்பிடுவார்கள். எங்கள் ஆயா அந்தக் கட்டம் முடியும்வரை வெற்றிலை போட மாட்டார். கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் துரியோதனனைப் பெரிசாகப் படுக்க வைத்திருப்பார்கள், அங்கே அம்மன் கூந்தல் முடிப்பாள். சத்தியபாமாவுக்குப் புத்தி சொன்ன கதையை இத்தனை வருஷத்தில் நான் ஒரு ராத்திரிகூடக் கேட்டதில்லை.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குறைகுடம், ராத்திரி சபா பருவத்தை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன லட்சம் பேர் இருக்கிறார்கள். படித்தபோது வயிற்றை என்னவோ செய்தது. எங்கள் தொழில் புத்தியில் சொன்னால், லெட்ஜரை எழுதியவளையே கடைசியில் ஒரு சொத்தாக அதில் ஏற்றிவிட்டார்கள். அதற்கு முந்தைய பதிவுகளை யாரும் தணிக்கை செய்யவே இல்லை. துச்சாதனன் அவளை “தாசி, தாசி” என்று கத்தி இழுக்கிறானே, அந்த லட்சம் பேரின் பெயரும் தெரிந்தவள் அவள். அந்த நேரத்தில் அவளுக்கு அவர்கள் ஞாபகம் வந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மூலத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஏட்டுச்சுவடி, அப்பா மடிக் கதையை என் தங்கைக்கு, அதான் கல்யாணப் பெண்ணுக்கு, வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “எங்க வீட்டுல வரவு செலவு அவர்தான் பார்க்கிறார், அதுதான் கடன்ல இருக்கோம்” என்று பதில் வந்தது. தை மாதம் அவளுக்குச் சீமந்தம். அந்தப் பெரியவரும் வருவார், மைக்கும் இருக்கும். வரவு செலவுப் பக்கத்தைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல்.