பாரிஸின் மாரே பகுதியில் ஓரறை வீடு

கேள்வி: மாரேயில் பழைய மாளிகை ஒன்றின் கூரையடித் தளத்தில், சமையல் மேடையும் படுக்கையும் ஒரே அறைக்குள் அமைந்த, தளவாடங்களுடன் கூடிய சிறு வீடு வாடகைக்கு வருகிறது. மரவிட்டங்களும் கல் பாவிய முற்றமும் என் மனத்தைக் கவர்ந்துவிட்டன. கையெழுத்திடுமுன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

மறுமொழி 1: முதலில் அறையை அளந்து பாருங்கள். முதன்மை அறைக்கு 9 சதுர மீட்டர் பரப்பும் 2.20 மீட்டர் உயரமும், அல்லது 20 கன மீட்டர் கொள்ளளவும் இருந்தாக வேண்டும். சரிந்த கூரையின் கீழ் 1.80 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள இடம் பரப்பில் சேராது என்பதால், விளம்பரத்தில் உள்ள அளவை அப்படியே நம்ப வேண்டாம்.

மறுமொழி 2: வீட்டின் ஆற்றல் செலவைக் காட்டும் ஆற்றல் தரச் சான்றையும் கேளுங்கள்; மிகத் தாழ்ந்த தரமான ‘ஜி’ தர வீடுகளை 2025 ஜனவரி முதல் புதிதாக வாடகைக்கு விட முடியாது. மாரே 1960களிலிருந்தே பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருப்பதால், ஜன்னலை மாற்றுவதற்கும் அரசுக் கட்டடக்கலைஞரின் இசைவு தேவை.

மறுமொழி 3: முன்பணம் இரண்டு மாத வாடகையைத் தாண்டக்கூடாது.