மறு: புரோக்கன் பேக்கேஜ்: ‘உடைந்த பொதி’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கணினிச் சொற்பட்டியலின் புதிய வரைவில் புரோக்கன் பேக்கேஜ் என்பதற்கு நேரே ‘உடைந்த பொதி’ என்று இருக்கிறது. (பொதி என்பது நிறுவுவதற்காகக் கோப்புகளைக் கட்டித் தரும் மென்பொருள் மூட்டை.) பட்டியலை வெளியிடும் முன் அதை மாற்றிவிட வேண்டும். ‘இடைநின்ற பொதி’ என்பது என் பரிந்துரை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆதம்பாக்கத்தில் எங்கள் கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். மேசைக் கணினியில் உபுண்டு இயங்குதளத்தை 22.04-இலிருந்து 24.04-க்கு மேம்படுத்திக்கொண்டிருந்தபோது மழையில் கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் பேட்டரி பழசு, தாங்கவில்லை. மறுபடி ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ‘கெர்னல் பேனிக்’ என்று நின்றுவிட்டது; இயங்குதளத்தின் மையமான கெர்னலால் மேலே தொடர முடியவில்லை என்று பொருள். வெளியூரில் இருக்கும் பேரன் ஃபோனில், “ஏதோ பேக்கேஜ் உடைஞ்சிருக்கும் தாத்தா” என்றிருக்கிறான். உடைந்தது என்றதும் ஹார்ட் டிஸ்க்தான் போய்விட்டது என்று ஐயா பயந்துவிட்டார். நான் இறங்கி வந்தபோது ஒயர்களையெல்லாம் கழற்றி, சிபியுவை வாசலில் வைத்துக்கொண்டு, கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போக ஆட்டோவுக்குக் காத்திருந்தார்.

உடைந்தது எதுவும் இல்லை. டெபியன், உபுண்டு என்ற இரண்டு லினக்ஸ் இயங்குதளங்களிலும், பொதிகளை நிறுவும் டிபிகேஜி என்ற நிரல் ஒரு பொதியை இரண்டு கட்டமாகத்தான் நிறுவும். முதலில் கோப்புகளை அவிழ்த்து அதனதன் இடத்தில் வைக்கும். அப்புறம் பொதியோடு வந்த சிறு நிரலை ஓட்டி அமைவை முடிக்கும். பெரிய மேம்படுத்தலில் ஏகப்பட்ட பொதிகள் அவிழ்த்த நிலையில், அமைவுக்காக வரிசையில் நிற்கும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால் கோப்புகள் இருக்கும், அமைவு மட்டும் முடிந்திருக்காது. கெர்னல் பொதிக்கு, கணினி தொடங்கும்போது வேண்டிய இனிட்ராம்எஃப்எஸ் என்ற கோப்பு உருவாவதே இந்த இரண்டாம் கட்டத்தில்தான். அது இல்லாவிட்டால் புதுக் கெர்னலால் வட்டைத் திறக்க முடியாமல் போகும். ஐயாவின் கணினியில் நடந்தது அதுதான்.

ஒயர்களை மாட்டி, ஆன் செய்ததும் எஸ்கேப் விசையைத் தட்டி, எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் பட்டியலுக்குப் போனேன். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே பழைய கெர்னலும் இருக்கும். உபுண்டு அதை உடனே அழிப்பதில்லை. அதன் ரெகவரி மோடில் டிபிகேஜி என்று ஒரு வரி வரும். அதில் எண்டர் தட்டியதும் ‘செட்டிங் அப்’, ‘செட்டிங் அப்’ என்று ஒவ்வொரு பொதியின் பெயராகத் திரையில் ஓட ஆரம்பித்தது. ஐயா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார். நின்ற இடத்திலிருந்து வேலை தொடர்ந்தது, அவ்வளவுதான்.

அந்த வரிக்குப் பக்கத்திலேயே ‘ரிப்பேர் புரோக்கன் பேக்கேஜஸ்’ என்று ஆங்கில விளக்கம் இருக்கிறது. ஆங்கிலத்தில் புரோக்கன் என்றால் வேலை செய்யாதது என்றும் பொருள்படும். தமிழில் உடைந்தது என்றால் பானை உடைந்த மாதிரிதான், இனி ஒட்டாது. பயந்துபோய் இருக்கிறவரிடம் அந்தச் சொல்லை நீட்டக்கூடாது.

இனி, வந்த மறுமொழிகளுக்கு.

> ‘இடைநிறுத்தப்பட்ட பொதி’ எனலாமே, எல்லாருக்கும் பழகிய சொல்.

அக்கா, பழகிய சொல் என்பதுதான் சிக்கல். பதிவிறக்கத்தில் பாஸ் பொத்தானுக்கு ‘இடைநிறுத்து’ என்று ஏற்கெனவே வைத்துவிட்டோம். அது பிறவினை, ஒருவர் வேண்டுமென்றே நிறுத்துவது. இங்கே யாரும் நிறுத்தவில்லை, தானாக நின்றது. தன்வினைதான் பொருந்தும். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளை ‘இடைநின்ற மாணவர்கள்’ என்கிறோம். அவர்களை மறுபடி பள்ளியில் சேர்க்கலாம் என்பதும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே நம் மனதில் வருகிறது. பொதிக்கும் அந்தப் பொருள்தான் வேண்டும்.

> அரைநிறுவல், அரையமைவு என்று மூலத்துக்கு நேராகவே வைக்கலாம்.

ஐயா, டிபிகேஜியின் நிலைப் பெயர்களில் ‘ஹாஃப்’ இருப்பது உண்மை. ஆனால் அது பாதி என்ற அளவைக் குறிக்கவில்லை. தொடங்கியது, முடியவில்லை என்பதே அதன் பொருள். தமிழில் ‘அரை’ என்றால் அளவாகத்தான் படும். ‘நிறுவல் இடைநின்றது’, ‘அமைவு இடைநின்றது’ என்று வைத்தால் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதும் தெரிந்துவிடும்.

வரைவில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் புரோக்கன் என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு கோளாறுகளை அடைத்துவிடுகிறார்கள். ஒரு பொதிக்கு வேண்டிய இன்னொரு பொதி கிடைக்காவிட்டால், பொதிகளை இணையத்திலிருந்து இறக்கித் தரும் ஏப்டி என்ற நிரல் அதையும் புரோக்கன் என்றே சொல்லும். அங்கே எதுவும் இடைநிற்கவில்லை. அதற்குத் தீர்வும் வேறு: ஃபிக்ஸ் புரோக்கன் கட்டளை கொடுத்து, விடுபட்ட பொதியைக் கொண்டுவர வேண்டும், அல்லது மோதுகிற பொதியை நீக்க வேண்டும். அதற்குச் ‘சார்பு நிறைவுறாத பொதி’ என்று தனியாக ஒரு சொல் இருக்கட்டும். இறக்கிய கோப்பே கெட்டுப்போய், ஹேஷ் (கோப்பு சரியா என்று பார்க்கும் குறியீடு) பொருந்தவில்லை என்று வந்தால் ‘சிதைந்த கோப்பு’. அங்கே மட்டும் மறுபடி இறக்கித்தான் ஆகவேண்டும். ஒரே சொல்லை மூன்றுக்கும் போட்டால், உதவி கேட்பவருக்கு எந்தக் கட்டளையைச் சொல்வது என்று நமக்கே தெரியாமல் போகும்.

கோப்புகளை எடுத்துவைத்து அமைவு இன்னும் தொடங்காத அன்பேக்டு நிலைக்கு வரைவில் ‘பிரித்த’ என்று இருக்கிறது. வட்டுப் பிரிவு பற்றிய வரிகளிலும் அதே வினை வருவதால் ‘அவிழ்த்த’ என்று மாற்றலாம் என நினைக்கிறேன். இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஜிப் கோப்புக்கு நீங்கள் எல்லாரும் எந்த வினையை எழுதுகிறீர்கள் என்று சொல்லுங்கள், இரண்டு இடத்திலும் ஒன்றையே வைத்துவிடலாம்.