மறு: பொய்த்தகவா, பொய்ப்பிக்கத்தக்கமையா?

அனைவருக்கும் வணக்கம். 'falsifiability', அதாவது ஒரு கூற்றைத் தப்பென்று காட்ட வழி இருக்கும் பண்பு, இதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று இரண்டு நாளாக ஓடும் இழையைப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

> 'சோதிக்கத்தக்கமை' என்றே வைத்துவிடலாமே. யாருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா. ஆனால் ஜோசியரும் சோதித்துப் பார்க்கத்தான் சொல்கிறார். 'சில தடைகள் வரும், குருபலத்தால் விலகும்' என்ற பலனை வருஷம் முழுக்கச் சோதிக்கலாம், ஒருநாளும் தோற்காது. அறிவியல் மெய்யியலாளர் கார்ல் பாப்பர் 1934இல் ஜெர்மனில் வெளியிட்ட நூலில் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். என்ன நடந்தால் உன் கூற்று தப்பு என்று ஒப்புக்கொள்வாய்? அதை முன்கூட்டியே சொல்ல முடியாதென்றால் அது அறிவியல் கூற்று அல்ல. ஆகவே தோற்கும் வாய்ப்பு சொல்லுக்குள்ளேயே தெரிய வேண்டும்.

> நிகழ்தகவு போல, 'பொய்த்தகவு'.

ஓசை அருமை. ஆனால் நாளைக்கே ஒருவர் 'இதன் பொய்த்தகவு 0.3' என்று எழுதுவார். ஒரு கூற்று பொய்யாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதல்லவே நம் கேள்வி. கடல்மட்டத்தில் தூய நீர் ஏறக்குறைய 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்பது உண்மை. இருந்தும் அந்தப் பண்பு அதற்கு முழுசாக உண்டு: அடுப்பும் வெப்பமானியும் இருந்தால் யார் வேண்டுமானாலும் அதை மடக்கப் பார்க்கலாம்.

'பொய்யாக்கம்' வேண்டாம். தரவைத் திரிக்கும் மோசடிக்கு அந்தச் சொல் தேவைப்படும்.

> 'பொய்க்கத்தக்கமை' போதும். நடுவில் 'பிக்க' எதற்கு?

இங்கேதான் நான் மாறுபடுகிறேன். மழை பொய்க்கும், கணிப்பு பொய்க்கும். அது தானாக நடப்பது. கோட்பாடு அப்படித் தானாக விழுவதில்லை, ஆள் வேண்டும்.

பாப்பருக்குப் பிடித்த 1919 மே 29 சூரிய கிரகணத்தையே பாருங்கள். சூரியனை ஒட்டி வரும் விண்மீன் ஒளி 1.75 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) வளையும் என்றது ஐன்ஸ்டைன் கணக்கு. நியூட்டன் வழியில் போனால் அதில் பாதி. இதை அளக்கப் பிரின்சிபி தீவுக்குப் போன வானியலாளர் எடிங்டனை மேகம் படுத்தியது. எடுத்த 16 ஒளிப்படத் தகடுகளில் இரண்டுதான் தேறின, விடை 1.6 அளவில் வந்தது. பிரேசிலின் சொப்ராலில் இரண்டு தொலைநோக்கிகள். சிறியது ஏறத்தாழ 2 என்றது. மற்றொன்றின் தகடுகளோ 0.9 பக்கம், அதாவது நியூட்டன் பக்கம், நின்றன! ஆனால் அவற்றில் விண்மீன்கள் மங்கிப் பரவியிருந்தன. வெயிலில் கண்ணாடி சூடேறிக் குவியம் மாறிவிட்டது என்று முடிவுகட்டி அவற்றை ஒதுக்கினார்கள். ஒதுக்கியது சரி என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் எந்தத் தகடு சாட்சி, எது சாட்சியில்லை என்று மனிதர்கள் உட்கார்ந்து தீர்மானித்தார்கள் என்பதை மறைக்க முடியாது.

யுரேனஸ் கதையும் இதே ரகம். கணக்கிட்ட பாதையில் அது போகவில்லை, கணிப்பு பொய்த்தது. யாரும் நியூட்டனைத் தூக்கிப் போடவில்லை. வெளியே இன்னொரு கோள் இழுக்கிறது என்றார்கள். 1846இல் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே நெப்டியூன் அகப்பட்டது. புதனின் பாதை பிசகியபோதும் அவர் அதே வித்தையைக் காட்டினார். வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று, கோள்தான் கிடைக்கவே இல்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கொள்கைதான் அந்தப் பிசகுக்குக் கணக்குச் சொன்னது.

எனவே கணிப்புக்குப் 'பொய்த்தல்', கோட்பாட்டுக்குப் 'பொய்ப்பித்தல்' என்று இரண்டையும் வைத்துக்கொள்வோம். மெய்ப்பித்தல் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் இணையும் தயார். 'பொய்ப்பிக்கத்தக்க கருதுகோள்', 'பொய்ப்பிக்கவியலாத கூற்று' என்று வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன், உறுத்தவில்லை. 'பொய்ப்பிக்கத்தக்கமை' என்ற பெயர்ச்சொல் நீளம்தான். ஆனால் கட்டுரையில் அது தலைப்பிலும் வரையறையிலும் வரும், மற்ற இடமெல்லாம் பெயரடையே போதும்.

அப்புறம், பாடநூலுக்கு எழுதுகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை இதைப் படித்தால் தடுக்குமா என்று சொல்லுங்கள்.

அன்புடன்.