புரோட்டோபஃப் நிறுவலில் பதிப்புச் சிக்கல், உதவுங்கள்

பெங்களூரு தமிழ் நண்பர்களுக்கு வணக்கம். நிரல்களுக்கிடையே தரவை அனுப்ப உதவும் புரோட்டோபஃபைப் பைத்தானிலும் சி++இலும் பயன்படுத்தப் பார்க்கிறேன். உபுண்டு 22.04-இல் ஆப்ட் (உபுண்டுவின் மென்பொருள் நிறுவி) வழியாக வரும் புரோட்டாக் (தரவு வரையறையிலிருந்து நிரல் கோப்பை உருவாக்கும் கம்பைலர்) 3.12.4, பிப் (பைத்தானின் நிறுவி) தரும் புரோட்டோபஃப் பைத்தான் நூலகமோ மிகப் புதியது. அதனால் இம்போர்ட் செய்யும்போதே பிழை, 3.19-க்குக் குறையாத புரோட்டாக்கால் கோப்பை மறுபடி உருவாக்கச் சொல்கிறது. நூலகத்தை 3.20-க்கு இறக்கினால் ஓடுகிறது, ஆனால் மற்ற பேக்கேஜ்கள் புதியதைத்தான் கேட்கின்றன.

சரி, புதிய புரோட்டாக் போடலாம் என்றால் சி++ பக்கம் இடிக்கிறது. அங்கே புரோட்டாக்கும் நூலகமும் ஒரே பதிப்பாக இருந்தாக வேண்டும். புதியதைச் சோர்ஸிலிருந்து பில்ட் செய்ய அப்சைல் என்ற கூகுளின் சி++ நூலகமும் தேவை.

அனுப்பும் தரவின் வடிவம் பழைய, புதிய பதிப்புகள் இரண்டிலும் ஒன்றுதானே? அப்படியென்றால் பைத்தானுக்கு ஜிஆர்பிசி டூல்ஸ் என்ற பைத்தான் பேக்கேஜோடு வரும் புரோட்டாக், சி++க்கு ஆப்ட் புரோட்டாக் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாமா? அப்படி ஓட்டுகிற அண்ணன்கள், அக்காக்கள் இருந்தால் சொல்லுங்கள். அல்சூர், இந்திராநகர் பக்கம் என்றால் சனிக்கிழமை லேப்டாப்போடு நேரிலேயே வந்துவிடுகிறேன்.