பிஷ் பைண்டர் உதிரிப்பாகம் வாங்க முதல் பார்க்க வேண்டியவை: அனுபவப் பகிர்வு

வாழைச்சேனை, ரேடியோ திருத்துபவர்
வேலைக்கு வாற பிஷ் பைண்டர்களில் (ஒலியலை அனுப்பி ஆழத்தையும் மீனையும் காட்டும் படகுக் கருவி) திரை உள்ள பெட்டி பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். தண்ணிக்குள் ஒலியலை அனுப்பி எதிரொலியை வாங்கும் டிரான்ஸ்டியூசரோ அதன் வயரோதான் போயிருக்கும். போர்டு தேடி ஓட முதல் மல்டிமீற்றரை எடுங்கள். 200 கிலோஹேர்ட்ஸ் சின்ன பிளாஸ்டிக் வகையில் இரண்டு சிக்னல் வயருக்கும் இடையில் ஓம் அளவில் தொடுப்பே இல்லை என்று காட்ட வேண்டும். சில கிலோ ஓம் காட்டினால் உப்புத் தண்ணி உள்ளே போய்விட்டது. 50, 200 கிலோஹேர்ட்ஸ் இரண்டிலும் வேலை செய்யும் பெரிய வகை சிலவற்றுக்குள் டிரான்ஸ்போமர் இருக்கும். அதில் சில ஓம் காட்டுவது பழுதல்ல. பிறகு அதே வயர்களில் கெப்பாசிட்டன்ஸ் (மின்னேற்றம் பிடிக்கும் அளவு) பாருங்கள். ஒரு மீற்றர் நீளக் கேபிளுக்கே ஏறத்தாழ 100 பிகோபரட் வரும். அவ்வளவுதான் காட்டுதென்றால் உள்ளே அதிர்ந்து ஒலி எழுப்பும் பீங்கான் வட்டின் தொடுப்பு அறுந்துவிட்டது, ஒட்டிச் சரிவராது.

ஒவ்வொரு வட்டும் தன் அதிர்வெண்ணில்தான் நன்றாக ஒலிக்கும். அதனால் 83 கிலோஹேர்ட்ஸ் பெட்டிக்கு 200 கிலோஹேர்ட்ஸ் டிரான்ஸ்டியூசரை மாட்டி "பிளக் பொருந்துது" என்று சந்தோஷப்படாதீர்கள். அலை சரியாகப் போகாது, பெட்டிக்குள் அலை அனுப்பும் மொஸ்பெட் என்ற டிரான்சிஸ்டரும் சுட்டுப் போகும்.

கல்முனை, வயர் வேலை
வாழைச்சேனைக் காக்கா (அண்ணன்) சொன்னது முழுக்கச் சரி. வயரைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். வெட்டின இடத்தில் செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால், உறைக்குள் தண்ணி இழுபட்டிருக்கு. பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்த கம்பியில் ஈயம் பிடிக்காது. புதிதாகப் போடும் வயர் ஈயம் பூசின செம்பாக இருக்கட்டும். மூட்டுக்கு உள்ளே பசை உள்ள சூட்டுக்குழாய் வேண்டும். கறுப்பு ரேப் ஒரு மாரிக்கும் தாங்காது. சிக்னல் வயர்களைச் சுற்றியுள்ள சீல்ட் வலையைக் கட்டாயம் தொடுத்து விடுங்கள், இல்லாவிட்டால் எஞ்சின் ஓடும்போது திரை முழுக்கப் புள்ளி விழும்.

களுவாஞ்சிக்குடி, திருத்துநர்
போர்டில் உப்பு ஏறினால்: பற்றரியைக் கழற்றி, திரையையும் உள்ளே சிறு பட்டன் செல் இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பற்றரிக்கு ஊற்றும் வடிதண்ணியில் மெல்லிய பிரஷால் கழுவுங்கள். ஸ்பிரிட் உப்பைக் கரைக்காது, அதனால் தண்ணிதான் முதலில். பிறகு 99 வீத ஐசோபுரோப்பைல் அல்கஹோல். ஒரு நாள் விசிறிக் காற்றில் காயவிட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும்.

கெப்பாசிட்டர் மாற்றினால் 105 டிகிரி வகையே போடுங்கள். 12 வோல்ற் படகுக்கு 25 வோல்ற், 24 வோல்ற் படகுக்கு 50 வோல்ற். 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மூடின கபினுக்குள் பெட்டி எவ்வளவு வேகும் என்று சொல்லத் தேவையில்லை. பல வருடம் கிடங்கில் கிடந்த பழைய கெப்பாசிட்டரை நேரே மாட்டக்கூடாது. 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மெல்ல மெல்ல வோல்ற் ஏற்றிப் பார்த்து, கசிவு குறைந்தால் பாவியுங்கள்.

ஒலுவில்
பழைய ஜீபிஎஸ் பெட்டி திகதியை ஏறத்தாழ 20 வருடம் பின்னால் காட்டினால் ஒரு பாகமும் மாற்ற வேண்டாம். ஜீபிஎஸ் கிழமைகளை எண்ணுவது 1,024 ஆனதும் பூச்சியத்துக்கு வரும்; 2019 ஏப்ரல் 6 இரவு (கிரீனிச் நேரம்) மறுபடி அப்படி வந்ததன் விளைவு அது. இடம் சரியாகக் காட்டினால் தொடர்ந்து பாவிக்கலாம்.

வாழைச்சேனை, ரேடியோ திருத்துபவர்
பாவித்த டிரான்ஸ்டியூசர் வாங்குபவர்கள் பெட்டியோடு பொருத்திக் காதருகே பிடியுங்கள், "டிக் டிக்" கேட்கும். தண்ணிக்கு வெளியே கனநேரம் ஓடவிட்டால் சூடேறி வெடிப்பு விழும், சில நொடி மட்டும் ஓட்டிப் பார்த்தால் போதும். கடைசிச் சோதனை கடலில்தான். ஈயக்குண்டு கட்டின நூலால் அளந்த இடத்தில் ஓட்டுங்கள். அல்லது 1942 இல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கின எர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கும் இடத்தில்: 50 மீற்றரை விடக் கொஞ்சம் ஆழத்தில் தரை காட்ட வேண்டும், இரும்பின் எதிரொலி தடித்துத் தெரியும். அங்கேயே மங்கலாகக் காட்டினால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.